தானோட்டி ஊர்திகளுக்கான தனித்தடம் பற்றிய பொதுமக்கள் கருத்து

தானோட்டி ஊர்திகளுக்கான தனித்தடம் என்பது, மனித ஓட்டுநரின் துணையின்றித் தாமே இயங்கும் ஊர்திகள் மட்டும் செல்வதற்காகச் சாலையின் ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பதைக் குறிக்கும். இவ்வூர்திகள் ஓட்டுநரில்லா ஊர்திகள், தானியங்கி ஊர்திகள் என்றும் அழைக்கப்படுகின்றன. இத்தகைய தடங்கள் வேண்டுமா, வேண்டுமெனில் எங்கே அமைப்பது, எவர் பயன்படுத்தும் இடத்தை எடுத்து அமைப்பது ஆகிய கேள்விகள் பல நாடுகளில் விவாதிக்கப்பட்டு வருகின்றன.

கருத்துக் கணிப்புகளில் தனித்தடத்துக்குப் பெரும்பான்மை ஆதரவு கிடைத்துள்ளது. ஆனால் மக்கள் ஏற்கெனவே பயன்படுத்திவரும் சாலையிலிருந்து ஒரு தடம் உண்மையிலேயே எடுக்கப்படும்போது அவ்வாதரவு நிலைப்பது அரிது என்பதைப் பேருந்துத் தடங்களின் வரலாறு காட்டுகின்றது. இந்தியாவில் தில்லி, போபால், இந்தோர் ஆகிய நகரங்களின் பட்டறிவு இதற்குச் சான்றாகும். எனவே இப்பொருள் பற்றிய மக்கள் கருத்தை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது தேவையாகின்றது. இயந்திரத்தின் மீதான நம்பிக்கை ஒன்று. சாலையிடத்தை எவருக்குப் பங்கிடுவது என்ற வழக்கு மற்றொன்று.

வரைவிலக்கணமும் வகைகளும்

ஊர்திகளின் தானியங்குத் திறன் 0 முதல் 5 வரை ஆறு படிநிலைகளாக வகைப்படுத்தப்படுகின்றது. இவ்வகைப்பாட்டை ஐக்கிய அமெரிக்காவின் தானுந்துப் பொறியாளர் கழகம் 2014-இல் வெளியிட்டது. முதல் மூன்று படிநிலைகளில் (0, 1, 2) ஓட்டும் பொறுப்பு மனிதரிடமே உள்ளது. 3-ஆம் படிநிலையில் ஊர்தி தானே ஓடும். ஆனால் அது கேட்கும்போது மனிதர் பொறுப்பேற்க வேண்டும். 4-ஆம் படிநிலையில், வரையறுக்கப்பட்ட இடத்திலும் சூழலிலும் மனிதத் தலையீடு தேவையில்லை. 5-ஆம் படிநிலை ஊர்தி, மனிதர் ஓட்டக்கூடிய எச்சாலையிலும் தானே ஓட வல்லது. தனித்தடம் என்பது பெரும்பாலும் 4-ஆம் படிநிலையோடு தொடர்புடையது. ஊர்தி இயங்க வேண்டிய சூழலை எளிமையாக்கித் தருவதே அதன் பணியாகும்.

தனித்தடங்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

முழுத் தனித்தடம்: சுவர் அல்லது தடுப்பினால் பிற போக்குவரத்திலிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்டது. குறுக்கே எவரும் வர இயலாது.

கோட்டுத் தடம்: சாலையில் வரையப்பட்ட கோட்டினால் மட்டும் பிரிக்கப்பட்டது. விதியை மக்கள் மதித்து நடந்தாலன்றி இது பயன் தராது.

நேரத் தடம்: நாளின் குறிப்பிட்ட சில மணி நேரத்துக்கு மட்டும் ஒதுக்கப்படுவது.

பகிர்வுத் தடம்: பேருந்துகள் அல்லது பலர் பயணிக்கும் சிற்றுந்துகளுக்கென முன்பே ஒதுக்கப்பட்ட தடத்தில் தானோட்டி ஊர்திகளையும் அனுமதிப்பது.

தொழில்நுட்பக் காரணங்கள்

தானோட்டி ஊர்தி ஒளிப்படக் கருவி, கதிரலைக் கும்பா, சீரொளி உணரி ஆகியவற்றின் மூலம் தன்னைச் சுற்றியுள்ளவற்றை அறிகின்றது. அறிந்தவை அடுத்த சில நொடிகளில் எங்கே நகரும் என்று கணித்து, அதற்கேற்பத் தன் வேகத்தையும் திசையையும் முடிவு செய்கின்றது. இவற்றுள் கடினமானது கணிப்பதே ஆகும். தடத்தில் உள்ளவை அனைத்தும் ஒரே திசையில் செல்லும் நான்கு சக்கர ஊர்திகளாக இருந்தால் கணிப்பு எளிது. இருசக்கர ஊர்தி, மாட்டு வண்டி, சாலையைக் கடக்கும் மாணவர், எதிர்த்திசையில் வரும் மூவுருளி ஆகியவை கலந்திருந்தால் கணிக்க வேண்டிய வாய்ப்புகள் பெருகுகின்றன. தனித்தடம் இவ்வாய்ப்புகளைக் குறைக்கின்றது.

இரண்டாவது காரணம் கொள்ளளவு ஆகும். ஒரு தடத்தில் ஊர்திகள் 1.8 நொடி இடைவெளியில் தொடர்ந்து சென்றால், 3,600 நொடிகள் கொண்ட ஒரு மணி நேரத்தில் 2,000 ஊர்திகள் கடக்கும். மனிதர் ஓட்டும் தடத்துக்கு இது ஏறத்தாழ மேல் வரம்பாகும். ஒன்றோடொன்று கம்பியில்லாத் தொடர்பு கொண்ட தானோட்டி ஊர்திகள் 0.9 நொடி இடைவெளியில் செல்லுமாயின், அதே தடத்தில் 4,000 ஊர்திகள் செல்ல இயலும். இடையில் மனிதர் ஓட்டும் ஊர்தி ஒன்று நுழைந்தாலும் இடைவெளியைக் கூட்ட வேண்டியிருக்கும் என்பதால், இப்பயனைப் பெறத் தனித்தடம் தேவை என்று ஆதரவாளர்கள் கூறுகின்றனர்.

இக்கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. ஒரு திசையில் இரண்டு தடங்கள் கொண்ட நெடுஞ்சாலையில் மணிக்கு 3,000 ஊர்திகள் செல்வதாகக் கொள்வோம். அவற்றுள் 10 விழுக்காடு தானோட்டி ஊர்திகள் எனில், ஒதுக்கப்பட்ட தடத்தில் 300 ஊர்திகளே செல்லும். எஞ்சிய 2,700 ஊர்திகள் 2,000 மட்டுமே செல்லத்தக்க ஒற்றைத் தடத்தில் நெருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் 700 ஊர்திகள் வரிசையில் தேங்கும். தானோட்டி ஊர்திகளின் பங்கு மூன்றில் ஒன்றை எட்டும்போதுதான் இவ்வெடுத்துக்காட்டில் தேக்கம் நீங்கும். ஆக, தொழில்நுட்பம் புதிதாக இருக்கும் தொடக்கக் காலத்தில்தான் தனித்தடம் மிகவும் தேவைப்படுகின்றது. அதே காலத்தில்தான் அது பிறருக்கு மிகுந்த இடையூறாகவும் அமைகின்றது. பொதுமக்கள் கருத்தில் காணப்படும் முரண்பாட்டின் வேர் இதுவே எனலாம்.

வரலாறு

தானாக ஓடும் சிற்றுந்துகளுக்கெனத் தனி நெடுஞ்சாலை என்ற எண்ணம் 1939-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் பரவலாக அறிமுகமானது. செனரல் மோட்டார்சு நிறுவனத்துக்காக நார்மன் பெல் கெடெசு வடிவமைத்த காட்சியரங்கில், ஊர்திகள் இடைவெளி தவறாது தாமே செல்லும் எதிர்காலச் சாலைகள் உருமாதிரிகளாகக் காட்டப்பட்டன.

ஐக்கிய அமெரிக்காவில் 1991-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் தானியங்கு நெடுஞ்சாலை ஒன்றின் முன்மாதிரியை உருவாக்குமாறு பணித்தது. அதன்படி 1997 ஆகத்தில் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகருக்கு அருகில், 15-ஆம் எண் நெடுஞ்சாலையில் 7.6 மைல் (ஏறத்தாழ 12 கிலோமீட்டர்) நீளத்துக்குச் செயல்விளக்கம் நடத்தப்பட்டது. சாலையில் பதிக்கப்பட்ட காந்தங்களைத் தொடர்ந்து எட்டு சிற்றுந்துகள் அணியாகச் சென்றன. இதற்குப் பயன்பட்டது, பலர் பயணிக்கும் ஊர்திகளுக்கென முன்பே பிரித்து வைக்கப்பட்டிருந்த தடமாகும். செயல்விளக்கம் வெற்றி பெற்றபோதிலும், அத்திட்டத்துக்கான கூட்டமைப்பு அடுத்த ஆண்டே முடிவுக்கு வந்தது.

21-ஆம் நூற்றாண்டில் இவ்வெண்ணம் மீண்டும் எழுந்தது. சீனாவில் பெய்சிங்கையும் சியோங்கான் புதுப்பகுதியையும் இணைக்கும் விரைவுச்சாலை, தானோட்டி ஊர்திகளுக்குத் தடங்களை ஒதுக்கத்தக்க வகையில் திட்டமிடப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், டிட்ராயிட்டுக்கும் ஆன் ஆர்பருக்கும் இடையே ஏறத்தாழ 40 மைல் நீளத்துக்கு இணைப்புத் தொழில்நுட்பம் கொண்ட தடம் ஒன்றை அமைக்கும் திட்டத்தை 2020 ஆகத்தில் அறிவித்தது.

சப்பானில் 2025 மார்ச்சில் சின்-தோமெய் விரைவுச்சாலையின் சுருகவான் நுமாசு, அமாமட்சு ஆகிய இடங்களுக்கு இடையே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவுக்கு, தானோட்டிச் சரக்குந்துகளுக்கான முன்னுரிமைத் தடச் சோதனை தொடங்கியது. இது நேரத் தட வகையைச் சேர்ந்தது. வார நாட்களில் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை மட்டும் நடைமுறையில் இருக்குமாறு வகுக்கப்பட்டது. சரக்குந்து ஓட்டுநர்களின் மிகைநேர உழைப்புக்கு 2024 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 960 மணி நேரம் என்ற உச்சவரம்பு நடைமுறைக்கு வந்ததும், ஓட்டுநர் தொழிலுக்குப் போதிய ஆட்கள் கிடைக்காமையும் இதன் பின்னணியாகும்.

கருத்துக் கணிப்புகள்

மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் ஆறு நாடுகளில் இணையவழியாக நடத்திய கணிப்புகள் பரவலாக எடுத்தாளப்படுகின்றன. தானோட்டி ஊர்திகளைப் பற்றி நல்லெண்ணம் கொண்டோர் சீனாவில் 87 விழுக்காடும், இந்தியாவில் 84 விழுக்காடும் இருந்தனர். ஆசுத்திரேலியாவில் 62, ஐக்கிய அமெரிக்காவில் 56, ஐக்கிய இராச்சியத்தில் 52 விழுக்காட்டினர் அவ்வாறு கருதினர். இந்தியாவின் எண்ணிக்கையை மேற்கோள் காட்டுவோர், விடையளித்தவர்கள் இணையத்தைப் பயன்படுத்துவோர் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். 2014-இல் இந்திய மக்களுள் பெரும்பான்மையோர் இணையத்துக்கு வெளியே இருந்தனர்.

தனித்தடம் குறித்து நேரடியாகக் கேட்ட கணிப்புகளுள், ஐக்கிய அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2017 மே மாதத்தில் 4,135 பேரிடம் நடத்தியது குறிப்பிடத்தக்கது. அதன் முடிவுகளுள் சில:

தானோட்டி ஊர்திகள் தனித்தடங்களில் செல்ல வேண்டும் என்போர் 83 விழுக்காடு.

நெருக்கடியில் பொறுப்பேற்க ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும் என்போர் 87 விழுக்காடு.

பள்ளிகள் போன்ற இடங்களுக்கு அருகில் அவ்வூர்திகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்போர் 69 விழுக்காடு.

ஓட்டுநர் தொழிலை நம்பியுள்ளோர் பலர் வேலையிழப்பர் என்று எதிர்பார்ப்போர் 81 விழுக்காடு.

இதில் 83 விழுக்காடு என்பதன் பொருளைக் கவனிக்க வேண்டும். அது மற்ற இரு கட்டுப்பாடுகளோடு சேர்த்துக் கேட்கப்பட்ட கேள்விக்கான விடையாகும். தனித்தடம் அங்கே தானோட்டி ஊர்திக்கு அளிக்கப்படும் சலுகையாக அன்றி, அதன்மீது விதிக்கப்படும் தளையாகவே முன்வைக்கப்பட்டது. "அவை எம்மிடமிருந்து விலகிச் செல்லட்டும்" என்பதற்கும் "எம்முடைய தடங்களுள் ஒன்றை அவற்றுக்குத் தருகிறோம்" என்பதற்கும் வேறுபாடு பெரிது.

விபத்துகளும் கருத்தை விரைவாக மாற்றுகின்றன. அரிசோனாவின் தெம்பி நகரில் 2018 மார்ச்சில் சோதனையிலிருந்த தானோட்டி ஊர்தி மோதி, சாலையைக் கடந்த பெண் ஒருவர் உயிரிழந்தார். முழுமையாகத் தானே ஓடும் ஊர்தியில் செல்ல அஞ்சுவோரின் பங்கு, அமெரிக்கத் தானுந்துச் சங்கத்தின் கணிப்புகளின்படி, 2017-இன் பிற்பகுதியில் 63 விழுக்காடாக இருந்து 2018-இல் 73 விழுக்காடாக உயர்ந்தது. பியூ ஆய்வு மையம் 2021-இல் மீண்டும் நடத்திய கணிப்பில், இவ்வூர்திகள் பரவலாவது சமூகத்துக்குத் தீது என்று 44 விழுக்காட்டினரும் நன்று என்று 26 விழுக்காட்டினரும் கருதினர்.

கணிப்பும் நடைமுறையும்: கலிபோர்னியா 1976

தடம் ஒதுக்குவதில் மக்கள் எவ்வாறு நடந்துகொள்வர் என்பதற்குத் தானோட்டி ஊர்திகளுக்கு முந்தைய நிகழ்வொன்று முன்னுதாரணமாக உள்ளது. லாசு ஏஞ்சலிசு நகரின் சாண்டா மோனிகா விரைவுச்சாலையில் 1976 மார்ச்சில், ஒவ்வொரு திசையிலும் இருந்த தடங்களுள் ஒன்று பேருந்துகளுக்கும் மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் செல்லும் சிற்றுந்துகளுக்கும் ஒதுக்கப்பட்டது. ஒதுக்கப்பட்ட தடம் காலியாகத் தோன்ற, பக்கத்துத் தடங்களில் நெரிசல் மிகுந்தது. கடும் எதிர்ப்பு எழுந்து, ஐந்து மாதங்களுக்குள் நீதிமன்ற ஆணையால் திட்டம் நிறுத்தப்பட்டது. அதே பெருநகரப் பகுதியில் 1973-இல் எல் மாண்டே வழியில் புதிதாகக் கட்டப்பட்ட பேருந்துத் தடம் இத்தகைய எதிர்ப்பைச் சந்திக்கவில்லை. பின்னர் கலிபோர்னியா பெரும்பாலும் புதிய தடம் சேர்க்கும் முறையையே கைக்கொண்டது.

இந்தியாவில் தனித்தடப் பட்டறிவு

தில்லி

தில்லியில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்து வரையிலான 5.8 கிலோமீட்டர் விரைவுப் பேருந்துத் தடம் 2008 ஏப்ரலில் பயன்பாட்டுக்கு வந்தது. சாலையின் நடுவில் பேருந்துகளுக்கும், அதனை அடுத்துப் பிற ஊர்திகளுக்கும், ஓரத்தில் மிதிவண்டிகளுக்கும் நடப்போருக்கும் இடம் பிரிக்கப்பட்டது. சிற்றுந்துகளில் சென்றோர் சந்திப்புகளில் நீண்ட நேரம் காத்திருக்க நேர்ந்தது. அவர்களது கண்ணெதிரே பேருந்துத் தடம் பெரும்பாலான நேரம் காலியாகத் தெரிந்தது. செய்தி ஊடகங்களில் எதிர்ப்புக் குரலே ஓங்கி ஒலித்தது.

இத்தடத்தை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2012-இல் சில மாதங்கள் எல்லா ஊர்திகளும் பேருந்துத் தடத்தில் செல்ல இடைக்கால அனுமதி தரப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்து, பேருந்துத் தடம் தொடர வழிசெய்தது. ஊர்திகளின் எண்ணிக்கையை மட்டும் எண்ணாமல், அவற்றில் செல்லும் மனிதர்களை எண்ண வேண்டும் என்பதே தடத்தை ஆதரித்தோரின் முதன்மை வாதமாக இருந்தது. எனினும் மக்களிடையே எதிர்ப்பு தணியவில்லை. 2015-இல் தில்லி அரசு இத்தடத்தைக் கைவிட முடிவு செய்தது. 2016 சனவரியில் இடிப்புப் பணி தொடங்கியது. வழக்கில் வென்ற ஒரு தடம் மக்கள் மன்றத்தில் தோற்றதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

பிற நகரங்கள்

அகமதாபாத்தில் 2009 அக்டோபரில் தொடங்கப்பட்ட சன்மார்க் பேருந்துத் தடம் இதற்கு மாறாக நிலைபெற்றது. போபாலில் 2024-இல் பேருந்துத் தடத்தை அகற்றும் பணி தொடங்கப்பட்டது. இந்தோரில் ஏறத்தாழ 11.5 கிலோமீட்டர் நீளமுள்ள தடத்தை அகற்ற மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் அனுமதித்தது.

பெங்களூர் - மைசூர் விரைவுச்சாலை

இங்கு நிகழ்ந்தது தனித்தடத்தின் மறுவடிவம் ஆகும். ஒரு வகை ஊர்திக்கு இடம் ஒதுக்குவதற்குப் பதிலாக, பிற வகைகள் விலக்கப்பட்டன. 2023-இல் திறக்கப்பட்ட இச்சாலையில் விபத்துகள் மிகுந்ததை அடுத்து, இருசக்கர ஊர்திகள், மூவுருளிகள், உழுவுந்துகள், இயந்திரமில்லா வண்டிகள் ஆகியவை முதன்மைச் சாலையில் செல்வதற்கு 2023 ஆகத்து 1 முதல் இந்தியத் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் தடை விதித்தது. இவை அணுகுசாலைகளில் செல்லுமாறு பணிக்கப்பட்டன. விரைந்து செல்லும் ஊர்திகளோடு மெதுவான ஊர்திகள் கலப்பது இடர் என்பது ஆணையத்தின் விளக்கம். பொதுப் பணத்தில் அமைந்த சாலையில் எளியோருக்கு இடமில்லையா என்பது எதிர்ப்பாளர் கேள்வி. தானோட்டி ஊர்திகளுக்குத் தடம் ஒதுக்கப்படுமாயின் எழக்கூடிய வாதமும் ஏறத்தாழ இதுவே ஆகும்.

இந்தியாவில் தானோட்டி ஊர்திகளின் நிலை

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ஊர்தியை உரிமம் பெற்ற ஒருவர் ஓட்டுகிறார் என்ற அடிப்படையில் அமைந்தது. 2019-ஆம் ஆண்டின் திருத்தம் 2ஆ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. ஊர்திப் பொறியியலில் புத்தாக்கத்தையும் ஆய்வையும் ஊக்குவிக்க, குறிப்பிட்ட வகை ஊர்திகளுக்குச் சட்ட விதிகளிலிருந்து நடுவண் அரசு விலக்களிக்க இப்பிரிவு இடமளிக்கின்றது. ஐதராபாத் இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் தானோட்டி ஊர்திகளுக்கான சோதனைக் களம் 2022 சூலையில் திறக்கப்பட்டது. இது பொதுச் சாலையிலிருந்து பிரிக்கப்பட்ட களமாகும்.

அரசியல் தளத்தில் இக்கேள்வி வேலைவாய்ப்போடு இணைத்தே பேசப்பட்டுள்ளது. நடுவண் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, வேலையின்மை நிலவும் நாட்டில் ஓட்டுநர்களின் பிழைப்பைப் பறிக்கும் தொழில்நுட்பத்தை அனுமதிக்க இயலாது என்று 2017 சூலையில் கூறினார். 2023 திசம்பரிலும் இதே கருத்தை அவர் வலியுறுத்தினார். ஓட்டுநர் பற்றாக்குறையால் சப்பான் தடத்தை ஒதுக்குகின்றது. ஓட்டுநர்கள் மிகுதியாக இருப்பதால் இந்தியா தயங்குகின்றது. ஒரே தொழில்நுட்பம் இரு நாடுகளில் இருவேறு பொருள் கொள்வதை இங்குக் காணலாம்.

தமிழ்நாட்டுச் சூழல்

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத் தொடருந்துகள் ஓட்டுநரின்றி இயங்குமாறு வடிவமைக்கப்பட்டவை. பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே 2025 மார்ச்சில் சோதனை ஓட்டம் நடைபெற்றது. தில்லி மெட்ரோவின் மெசந்தா வழித்தடத்தில் ஓட்டுநரில்லாத் தொடருந்து 2020 திசம்பர் 28 அன்றே தொடங்கப்பட்டுவிட்டது. ஓட்டுநரில்லாப் பயணம் என்ற அளவில் இவை பெரிய எதிர்ப்பைச் சந்திக்கவில்லை. தூண்களின் மீதும் நிலத்தடியிலும் அமைந்த அப்பாதையில் வேறெவரும் செல்வதில்லை. இயந்திரம் ஓட்டுவது என்பது மட்டுமே மக்கள் அச்சத்துக்குக் காரணமன்று என்பதை இது உணர்த்துகின்றது.

நெடுஞ்சாலையின் நிலை வேறு. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலான ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சாலையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முன்பு தேசிய நெடுஞ்சாலை 45 என அறியப்பட்ட சென்னை - திருச்சிராப்பள்ளி நான்குவழிச் சாலையின் ஒரு பகுதி இது. சென்னையையும் தென் மாவட்டங்களையும் இணைக்கும் தொலைதூரப் பேருந்துகளும் சரக்குந்துகளும் இதில் செல்கின்றன. பொங்கல், தீபாவளி நாட்களில் விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியில் ஊர்திகள் நீண்ட வரிசையில் நிற்பது வழக்கம். அதே சாலையில்தான் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நோயாளிகள் வருகின்றனர். அவ்வூரின் சர்க்கரை ஆலைக்கு, அரவைப் பருவத்தில், கரும்பேற்றிய உழுவுந்துகள் இழுவைப் பெட்டிகளோடு மெல்ல ஊர்ந்து வருகின்றன. முகையூர் போன்ற ஒன்றியங்களின் ஊர்களிலிருந்து விழுப்புரத்துக்கும் அதற்கு அப்பாலும் செல்வோருக்கு இருசக்கர ஊர்தியும் நகரப் பேருந்தும் பகிர்வு மூவுருளியுமே முதன்மையான போக்குவரத்து ஆகும்.

இச்சாலையில் ஒரு திசைக்கு இரண்டு தடங்களே உள்ளன. அவற்றுள் ஒன்று ஒதுக்கப்படுமாயின், பேருந்தும் சரக்குந்தும் சிற்றுந்தும் இருசக்கர ஊர்தியும் உழுவுந்தும் எஞ்சிய ஒரு தடத்தில் கலக்கும். வேகத்தில் மிகவும் வேறுபட்ட ஊர்திகள் ஒரே தடத்தில் செல்வது இடரை மிகுவிக்கும். இந்தியச் சாலைகளில் 2022-இல் உயிரிழந்தோர் 1,68,491 பேர் என்று நடுவண் அரசின் அறிக்கை தெரிவிக்கின்றது. அவர்களுள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர ஊர்திகளில் சென்றோர், 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றோர். தனித்தடத்தின் பாதுகாப்பு, அதற்குள் செல்வோரைக் கொண்டு மட்டுமன்றி, அதற்கு வெளியே தள்ளப்படுவோரைக் கொண்டும் அளக்கப்பட வேண்டும் என்பதற்கு இவ்வெண்கள் காரணமாகின்றன.

சிங்கப்பூர்

தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூர் வேறொரு வழியைத் தேர்ந்தது. அங்குப் பேருந்துகளுக்கான தடங்கள் 1974 முதல் நடைமுறையில் உள்ளன. தானோட்டி ஊர்திகளைப் பொறுத்தவரை, தடத்தை ஒதுக்குவதற்குப் பதிலாக வட்டாரத்தை ஒதுக்கும் முறை கையாளப்பட்டது. 2015-இல் ஒன்-நார்த் வட்டாரத்தின் குறிப்பிட்ட சாலைகளில் சோதனை அனுமதிக்கப்பட்டது. 2016 ஆகத்தில் அங்கேயே பொதுமக்களை ஏற்றிச் செல்லும் தானோட்டி வாடகைச் சிற்றுந்துச் சோதனை நடந்தது. 2017-இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இதற்கெனத் திருத்தப்பட்டது. 2019-இல் தீவின் மேற்குப் பகுதி முழுவதும் சோதனைக்குத் திறக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 2025-இல் பொங்கோல் குடியிருப்புப் பகுதியில் தானோட்டிச் சிற்றூர்திச் சேவை நடத்த நிறுவனங்கள் தெரிவு செய்யப்பட்டன. ஒவ்வொரு படியிலும் பரப்பு விரிந்ததேயன்றி, பிற ஊர்திகளிடமிருந்து தடம் பறிக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஆதரவு வாதங்கள்

கலப்புப் போக்குவரத்தில் நேரக்கூடிய மோதல்களைத் தனித்தடம் குறைக்கும்.

இடைவெளி குறைவதால், பயன்பாடு பெருகிய பின் தடத்தின் கொள்ளளவு உயரும்.

இரவு நேரச் சரக்குப் போக்குவரத்துக்கு மட்டும் ஒதுக்கினால் பிறருக்கு இடையூறு குறைவு.

மக்கள் இத்தொழில்நுட்பத்தை விலகி நின்று பார்த்துப் பழக வாய்ப்பு ஏற்படும்.

எதிர்ப்பு வாதங்கள்

பொதுச் சாலையின் ஒரு பகுதி, விலைமிக்க ஊர்தி வைத்திருப்போருக்கு மட்டும் உரியதாகிவிடும்.

ஒரே தடத்தில் மணிக்கு 60 பேருந்துகள் 50 பேர் வீதம் சென்றால் 3,000 பேர் பயணிக்கலாம். ஒருவர் மட்டும் செல்லும் 300 தானோட்டிச் சிற்றுந்துகள் அதில் பத்தில் ஒரு பங்கினரையே சுமக்கும்.

தடுப்புகள், கோடுகள், உணரிகள் ஆகியவற்றைப் பேணும் செலவு பொதுநிதியின் மீது விழும்.

ஓட்டுநர்களின் வேலையிழப்பை அரசே விரைவுபடுத்தியதாக அமையும்.

தனித்தடம் இருந்தால்தான் ஓடும் ஊர்தி, உள்ளூர்ச் சாலைக்கு இறங்கியதும் பயனற்றுப் போகும்.

கருத்தறிதலில் உள்ள சிக்கல்கள்

இப்பொருளில் கருத்துக் கணிப்பு நடத்துவோர் எதிர்கொள்ளும் இடர்கள் மூன்று வகைப்படும். முதலாவது கேள்வியின் அமைப்பு. தனித்தடம் வேண்டுமா என்று மட்டும் கேட்டால் இழப்பு மறைந்துவிடுகின்றது. நாள்தோறும் செல்லும் சாலையில் இரண்டு தடங்களுள் ஒன்றைத் தருவீர்களா என்று கேட்டால் இழப்பு முன்னிற்கின்றது. இரண்டாவது, பட்டறிவின்மை. தானோட்டி ஊர்தியைக் கண்டிராதவரின் விடை, செய்தியிலும் திரைப்படத்திலும் கண்டதைச் சார்ந்தே அமையும். மூன்றாவது, எவரிடம் கேட்பது என்பது. ஊர்தி வாங்கக்கூடியவரிடம் மட்டும் கேட்டால் ஆதரவு கூடுதலாகத் தெரியும். சாலையைப் பகிர்ந்துகொள்ளும் உழுவுந்து ஓட்டுநர், பேருந்துப் பயணி, சாலையைக் கடக்கும் மாணவர், கூலிக்கு ஓட்டும் ஓட்டுநர் ஆகியோரின் விடைகள் அதில் இடம்பெறா. தடத்தை விட்டுக்கொடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இவர்களே.

தில்லியில் காணப்பட்டதற்கும் இங்கு எதிர்பார்க்கத்தக்கதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. தில்லியில் பேருந்தில் செல்லும் பலருக்காகச் சிற்றுந்தில் செல்லும் சிலர் இடம் விட்டனர். விட்டவர்களின் குரல் வலுவாக இருந்தமையால் தடம் அகற்றப்பட்டது. தானோட்டி ஊர்திக்கான தடத்தில், தொடக்கக் காலத்திலேனும், சிலருக்காகப் பலர் இடம் விட வேண்டியிருக்கும். அப்பலரின் குரல் பதிவாகாத கணிப்பு எதிர்ப்பு இல்லை என்ற தோற்றத்தையே தரும். பேருந்துகளும் தொலைதூரச் சரக்குந்துகளும் முதலில் தானோட்டிகளாகி, அவை பயன்படுத்தும் தடமே தனித்தடமாகுமாயின் இந்நிலை மாறக்கூடும்.

இவற்றையும் பார்க்க

தானுந்து
விரைவுப் பேருந்துப் போக்குவரத்து
சென்னை மெட்ரோ
இந்தியத் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம்
விழுப்புரம் மாவட்டம்
முகையூர் ஊராட்சி ஒன்றியம்